வேலைக்குப் போகாத மனைவிக்கும் டாக்ஸ் ரிட்டர்ன் வேணுமா? என்-400 போடறதுக்கு முன்னாடி

எடிசன்வாசி | 2025 பிப்ரவரி 9

நான் 2019-லேயே அமெரிக்க சிட்டிசன். மனைவி 2022 மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து இமிக்ரன்ட் விசாவில் வந்தாங்க, கிரீன் கார்டு தேதியும் அதுவே. இங்கே வேலைக்குப் போனதில்லை. 2022-க்கு நான் மட்டும் மேரிட் ஃபைலிங் செப்பரேட்லி (கல்யாணமானவர் தனியாப் போடறது). 2023-க்கு ஜாயின்ட் (ரெண்டு பேரும் சேர்ந்து). இப்ப சிட்டிசனைக் கல்யாணம் பண்ணினவங்களுக்கான மூணு வருஷ விதியில் என்-400 (சிட்டிசன்ஷிப் விண்ணப்பம்) போடப் போறோம். "சம்பாதிக்காதவங்களுக்கு ரிட்டர்னே கிடையாது, 2022-ஐத் தோண்டாதே" என்கிறார்கள். விட்டுடலாமா?

படிவப்பித்தன் | 2025 பிப்ரவரி 9

பாதி சரி. ஒரு பைசா வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போடத் தேவையில்லை. ஆனால் "வேலை இல்லை" என்பதும் "வருமானம் இல்லை" என்பதும் ஒன்றல்ல. ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) கேட்பது வருமானத்தை.

கல்யாணமானவர் ஜாயின்டில் சேராவிட்டால் அவருடைய ஸ்டேட்டஸ் தானாகவே மேரிட் ஃபைலிங் செப்பரேட்லி. அந்த ஸ்டேட்டஸில் ரிட்டர்ன் போடவேண்டிய வரம்பு எவ்வளவு தெரியுமா? 5 டாலர். 1040 (வருமான வரி ரிட்டர்ன் படிவம்) வழிகாட்டியின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது, பலர் அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். கோவையில் அவர் பெயரில் ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் இருந்து, 2022 மார்ச்சுக்குப் பிறகு ஐந்நூறு ரூபாய் வட்டி விழுந்திருந்தால் போதும், வரம்பு தாண்டியாச்சு.

வரி என்று பார்த்தால் அற்பத் தொகைதான் வரும். ஆனால் "ஃபைல் பண்ண வேண்டியவர் பண்ணவில்லை" என்ற நிலை வந்துவிடுகிறது. எனவே முதல் கேள்வி: ஊரில் அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது?

எடிசன்வாசி | 2025 பிப்ரவரி 10

ஒரு சேவிங்ஸ், ஒரு எஃப்டி நாலு லட்சம். எஃப்டி கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. வட்டிக்கு நான் எதுவும் காட்டலை, ஊர்ப் பணம்தானேன்னு.

கணக்குக்காரி | 2025 பிப்ரவரி 10

"ஊர்ப் பணம்" என்று ஐஆர்எஸ்ஸில் ஒரு தனி வகை கிடையாது தம்பி. கிரீன் கார்டு வந்த நாளிலிருந்து உலகத்தில் எங்கே வட்டி விழுந்தாலும் இங்கே வருமானம். என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊரில் போட்டு வைக்கும் அக்கவுன்ட்) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அதனால் இங்கேயும் இல்லைன்னு பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இங்கே முழுசா வரி உண்டு.

2023 ஜாயின்ட் ரிட்டர்னில் அந்த வட்டி ஷெட்யூல் பி-யில் (வட்டியைக் காட்டும் இணைப்புத் தாள்) வந்திருக்கணும். அதே ஷெட்யூலின் மூணாம் பகுதியில் "வெளிநாட்டில் அக்கவுன்ட் இருக்கா" என்ற கேள்விக்கு ஆமாம்னு டிக் அடிச்சு, நாடு இந்தியான்னு எழுதியிருக்கணும். சாஃப்ட்வேரில் அந்தக் கேள்வி ஓரமா வரும், எல்லாரும் "இல்லை" அழுத்திட்டு அடுத்த பக்கம் போயிடறாங்க. உங்க 2023-ஐத் திறந்து பாருங்க.

படிவப்பித்தன் | 2025 பிப்ரவரி 10

இன்னொன்றும் பாருங்கள். 2022 ரிட்டர்னில், மேலே மனைவியின் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) எழுதும் இடத்தில் என்ன இருக்கிறது?

எடிசன்வாசி | 2025 பிப்ரவரி 11

என்ஆர்ஏ-ன்னு மூணு எழுத்து இருக்கு. சாஃப்ட்வேர் கேட்டப்போ எஸ்எஸ்என் வரலை, அதான்.

படிவப்பித்தன் | 2025 பிப்ரவரி 11

அதுதான் இந்த இழையின் மையம். என்ஆர்ஏ என்றால் நான்ரெசிடென்ட் ஏலியன், அதாவது வரிக் கணக்கில் இங்கே குடியிருக்காத வெளிநாட்டவர். மனைவி எஸ்எஸ்என்னும் ஐடின்னும் (எஸ்எஸ்என் பெற முடியாதவருக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும்போது கணவர் தனியாக ஃபைல் பண்ணினால் எழுதுவது. உங்கள் மனைவி 2022 டிசம்பர் 31 அன்று கிரீன் கார்டோடு நியூஜெர்சியில் இருந்தார், நான்ரெசிடென்ட் இல்லை.

இனி என்-400-இல் வரி பற்றி என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்று, மத்திய, மாநில, உள்ளூர் வரி பாக்கி இருக்கிறதா. இரண்டு, கிரீன் கார்டுக்குப் பிறகு உங்களை நான்ரெசிடென்ட் என்று எந்த ரிட்டர்னிலாவது சொல்லிக்கொண்டீர்களா, அல்லது நான்ரெசிடென்ட் என்று கருதி ரிட்டர்ன் போடாமல் இருந்தீர்களா.

அந்த மூன்று எழுத்து உங்கள் ரிட்டர்னில் நீங்கள் எழுதியது, அவர் கையெழுத்துப் போட்டதல்ல. சட்டப்படி அவர் "இல்லை" என்று பதில் சொல்லலாம். ஆனால் மூன்று வருஷ விதியில் போகிறவர்களிடம் மூன்று வருஷ ரிட்டர்ன் நகலோ ட்ரான்ஸ்கிரிப்ட்டோ (ரிட்டர்ன் விவரங்களை ஐஆர்எஸ் அச்சிட்டுத் தருவது) கேட்பார்கள், அதில் உங்கள் 2022-உம் மேஜைக்கு வரும். அதிகாரி கேட்டால் விளக்க வேண்டியது அவர். கணவர் பண்ணிய கணக்குக்கு மனைவி வாய்தா வாங்கும் நிலை. 2022-ஐத் திருத்திவிடுங்கள். லாபமும் உங்களுக்குத்தான், அதை நாளைக்கு எழுதுகிறேன்.

டெக்சாஸ்மாமா | 2025 பிப்ரவரி 11

நாளைக்கு எழுதறேன்னு சொல்லி ஆளைத் தூங்கவிடாம பண்றதுக்குன்னே சில பேர் இருக்காங்க.

படிவப்பித்தன் | 2025 பிப்ரவரி 12

செப்பரேட்லியிலிருந்து ஜாயின்டுக்கு மாறலாம், கெடு தேதியிலிருந்து மூன்று வருஷம் வரை. 2022 ரிட்டர்னின் கெடு 2023 ஏப்ரல் 18. பாதுகாப்பாக 2026 ஏப்ரல் 15-க்குள் தபாலில் போய்விட வேண்டும். திருப்பிப் போக, அதாவது ஜாயின்ட் போட்டுவிட்டுக் கெடு முடிந்த பிறகு செப்பரேட்லிக்கு மாற, வழி கிடையாது. ஒருவழிக் கதவு.

ஆனால் 2022 உங்களுக்கு ஒரு சிக்கலான வருஷம். ஜனவரியில் அவர் நான்ரெசிடென்ட், மார்ச்சிலிருந்து ரெசிடென்ட். இதற்கு டூயல் ஸ்டேட்டஸ் வருஷம் என்று பெயர். டூயல் ஸ்டேட்டஸில் இருப்பவர் ஜாயின்டில் சேர முடியாது, ஒரு தேர்வு செய்தால் ஒழிய. வரிச் சட்டம் 6013-ஆம் பிரிவின் எச் உட்பிரிவு. வருஷத் தொடக்கத்தில் நான்ரெசிடென்டாக இருந்து, கடைசி நாளில் ரெசிடென்டாக ஆனவர், அன்று சிட்டிசனையோ ரெசிடென்டையோ மணந்திருந்தால், முழு வருஷமும் ரெசிடென்டாகக் கருதப்படலாம். வாழ்நாளில் ஒரு முறைதான்.

செய்முறை:

1040-எக்ஸ், அதாவது திருத்த ரிட்டர்ன் படிவம். ஏ பத்தியில் நீங்கள் முதலில் போட்ட எண்கள், சி பத்தியில் ஜாயின்டாகச் சரியான எண்கள், பி பத்தியில் வித்தியாசம். கூடவே முழு 2022 1040-ஐயும் ஜாயின்டாகத் தயாரித்து, மேலே அமென்டட் என்று எழுதி வையுங்கள். தனித்தாளில் ஒரு அறிக்கை: இருவர் பெயர், முகவரி, எஸ்எஸ்என், இருவரும் அந்தத் தேர்வுக்குத் தகுதியானவர்கள், முழு 2022-க்கும் ரெசிடென்டாகக் கருதப்பட விரும்புகிறோம். அதில் இருவரும் கையெழுத்து. 1040-எக்ஸிலும் இருவரும். ஒரு கையெழுத்து குறைந்தால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

விலை என்னவென்றால், 2022 ஜனவரி முதல் மார்ச் வரை கோவையில் விழுந்த வட்டியும் உள்ளே வரவேண்டும். எஃப்டி வட்டிதான் என்றால் சின்னக் காசு.

வரவு என்ன? உதாரணத்துக்கு உங்கள் சம்பளம் 95,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் செப்பரேட்லி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (எல்லோருக்கும் வரியில்லாமல் கழியும் தொகை) 12,950, வரி சுமார் 13,670. ஜாயின்டில் டிடக்‌ஷன் 25,900, 12 சதவீத அடுக்கும் அகலம், வரி சுமார் 7,880. வித்தியாசம் 5,790 டாலர் அளவில். வட்டியோடு திரும்பி வரும். அந்த வட்டிக்கு வந்த வருஷத்தில் வரி கட்ட வேண்டும், ஐஆர்எஸ் அதில் மறதி காட்டாது.

எடிசன்வாசி | 2025 பிப்ரவரி 12

ஐயாயிரமா! இதை ஏன் எந்த சாஃப்ட்வேரும் சொல்லலை?

கணக்குக்காரி | 2025 பிப்ரவரி 12

"மனைவி இந்த வருஷம் எந்த மாசத்தில் ரெசிடென்ட் ஆனார்" என்று அது கேட்கிறதே இல்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. சில சாஃப்ட்வேரில் இந்த அறிக்கையை இணைக்கவும் இடம் இல்லை. அதனால் காகிதத்தில் அச்சடிச்சு, சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்புங்க. ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இன்டர்வியூ ஃபைலில் அதுக்கு வேலை இருக்கு.

நியூஜெர்சியையும் மறக்காதீங்க. அந்த மாநிலத்தில் ஃபெடரல் ஸ்டேட்டஸ்தான் மாநில ஸ்டேட்டஸ். அங்கே என்ஜே-1040எக்ஸ் தனியாப் போகணும். என்-400 கேள்வியில் மாநிலமும் சேர்த்திதான்.

டெக்சாஸ்மாமா | 2025 பிப்ரவரி 13

எங்க ஊரில் மாநில வருமான வரியே இல்லையே, ஒரு ஃபாரம் மிச்சம்.

கணக்குக்காரி | 2025 பிப்ரவரி 13

வீட்டு வரி ரசீதைக் காட்டுங்க மாமா, அப்புறம் பேசலாம்.

படிவப்பித்தன் | 2025 பிப்ரவரி 15

முன்னே எழுதியதில் ஒரு சந்தேகம் தனிமடலில் வந்தது: "செப்பரேட்லி போட்டாலே சிட்டிசன்ஷிப் போய்விடுமா?" போகாது. சட்டப்படியான ஸ்டேட்டஸ் அது. படிப்புக் கடன் தவணையைச் சம்பளத்துக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் அப்படிப் போடும் தம்பதிகள் உண்டு. அதிகாரி ஏன் என்று கேட்பார், காரணம் சொன்னால் போதும். அப்படிப் போடுகிறவர்கள் ஜாயின்ட் பேங்க் ஸ்டேட்மென்ட், இருவர் பெயரிலும் உள்ள லீஸ், கார் இன்ஷூரன்ஸ் இவற்றைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துப்போக வேண்டும்.

ஆபத்தான ஸ்டேட்டஸ் வேறு இரண்டு. சிங்கிள், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்). கல்யாணமானவர் சிங்கிள் என்று போடுவது நேரடிப் பொய். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் இன்னும் மோசம், ஏனென்றால் கல்யாணமானவர் அதைப் போடக் கணவனும் மனைவியும் வருஷத்தின் கடைசி ஆறு மாசம் ஒரே வீட்டில் இருந்திருக்கக் கூடாது. மூன்று வருஷ விதியோ, மூன்று வருஷமும் சேர்ந்து வாழ்ந்தோம் என்பதன் மேல் நிற்கிறது. இரண்டு காகிதமும் ஒரே ஃபைலில் இருந்தால் அதிகாரிக்கு வேறு கேள்வியே தேவையில்லை. குழந்தை இருந்தால் ரீஃபண்ட் கூடுகிறது என்று தெருமுனை டாக்ஸ் கடையில் அதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். திருத்தாமல் என்-400 போடாதீர்கள்.

மனைவி ஊரிலேயே நான்ரெசிடென்டாக இருந்து, கணவர் இங்கே குழந்தையோடு இருந்த வருஷங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்த வருஷத்தோடு அந்த விலக்கு முடிந்தது.

தாம்பரத்தாள் | 2025 மார்ச் 2

எனக்கும் இதே நிலை, ஆனா ஹெச்-4-ல் (கணவரோட வேலை விசாவை ஒட்டி வரும் விசா) பல வருஷம் இருந்து கிரீன் கார்டு வந்தது. அப்ப ஐடின் நம்பரில் ஜாயின்ட் போட்டோம். இப்ப எஸ்எஸ்என் இருக்கு. ரெண்டு நம்பர்லயும் ரிட்டர்ன் இருக்கறது பிரச்சினையா?

கணக்குக்காரி | 2025 மார்ச் 2

எஸ்எஸ்என் வந்த நாளோடு ஐடினை நிறுத்தணும், அது விதி. நிறுத்தினால் மட்டும் பத்தாது, பழைய கணக்கைப் புதுசோடு சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதணும். முழுப் பெயர், முகவரி, ஐடின், எஸ்எஸ்என் கார்டு நகல், ஐடின் கொடுத்தப்போ வந்த சிபி-565 நோட்டீஸ் கைவசம் இருந்தால் அதன் நகலும். டெக்சாஸ் ஆஸ்டினில் உள்ள ஐஆர்எஸ் மையத்துக்கு அனுப்பணும், ஐஆர்எஸ் தளத்திலேயே முகவரி இருக்கு.

சேர்க்காட்டி என்ன ஆகும்? உங்க எஸ்எஸ்என்னில் ட்ரான்ஸ்கிரிப்ட் எடுத்தால் பழைய வருஷம் காணோம்னு வரும். சிட்டிசன்ஷிப்புக்குக் கிரீன் கார்டுக்குப் பிந்தைய வருஷம்தான் முக்கியம். ஆனா கார்டு நடுவருஷத்தில் வந்து, அந்த வருஷ ரிட்டர்ன் அவசரத்தில் ஐடினிலேயே போயிருந்தால் சரியா அந்த வருஷம்தான் மாட்டும்.

எஸ்எஸ்என் கார்டில் "அனுமதி இருந்தால் மட்டும் வேலை" என்கிற வரி அச்சாகியிருந்தால், கிரீன் கார்டைக் காட்டி அந்த வரி இல்லாத கார்டு வாங்கிடுங்க. செலவில்லை.

படிவப்பித்தன் | 2025 மார்ச் 3

தாம்பரத்தாளுக்கு ஒரு பின்குறிப்பு, நம் ஊர்ப் பெயர்கள் பற்றி. ஐஆர்எஸ் ஒருவரை அடையாளம் காண்பது எஸ்எஸ்என்னும் கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் சேர்ந்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, எஸ்எஸ்என் கார்டில் கணவர் பெயர் கடைசியாக, ரிட்டர்னில் சொந்தப் பெயர் கடைசியாக என்று மூன்று விதமாக இருப்பது நம்மிடையே சாதாரணம். இ-ஃபைல் உடனே திரும்பி வரும், ஆர்0000-503-02 என்ற குறியோடு. மனைவியின் எஸ்எஸ்என்னும் பெயரும் பொருந்தவில்லை என்று பொருள். ரிட்டர்னில் எஸ்எஸ்என் கார்டில் உள்ளபடியே, அதே வரிசையில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதாதீர்கள். பெயரை மாற்ற விரும்பினால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ், அப்புறம் ரிட்டர்ன்.

எடிசன்வாசி | 2025 மார்ச் 8

2024-ஐ இப்ப ஜாயின்டா இ-ஃபைல் பண்ணப் போறேன். கையெழுத்துக்குப் பதிலா போன வருஷ ஏஜிஐ (ரிட்டர்னில் வரும் சரிக்கட்டிய மொத்த வருமானம்) கேக்குது, மனைவிக்கும் தனியா. அவங்களுக்கு என்ன போடறது, பூஜ்யமா?

கணக்குக்காரி | 2025 மார்ச் 8

2023 ஜாயின்ட்தானே? அப்ப ரெண்டு பேருக்கும் அதே முழு ஏஜிஐ. பாதியாப் பிரிக்கக் கூடாது, பூஜ்யமும் கூடாது. போன வருஷம் ரிட்டர்னே போடாத மனைவி என்றால்தான் பூஜ்யம்.

வரி பாக்கி வந்தால் ஃபைல் பண்ணும்போதே கட்டிடுங்க. பாக்கி நின்னால் ட்ரான்ஸ்கிரிப்ட் மே, ஜூன் வரை தள்ளிப் போகும். ரீஃபண்ட் அல்லது பூஜ்யம் என்றால் இ-ஃபைல் பண்ணி ரெண்டு மூணு வாரத்தில் கிடைக்கும்.

கணக்குக்காரி | 2025 மார்ச் 9

எஃப்பாரை (வெளிநாட்டு அக்கவுன்ட் பற்றிய அறிக்கை) யாருமே இன்னும் தொடலை. எழுதியாகணும்.

வெளிநாட்டு அக்கவுன்ட் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலர் தாண்டியிருந்தால் ஃபின்சென் 114, அதான் எஃப்பார். கெடு ஏப்ரல் 15, கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு. இது டாக்ஸ் ரிட்டர்னோடு போகாது, தனியா ஆன்லைனில். வேலைக்குப் போகாத மனைவிக்கும் அவங்க பெயரில் தனி எஃப்பார். கணவன் மனைவி ரெண்டு பேரும் ஜாயின்டா வச்சிருக்கும் அக்கவுன்ட் மட்டுமே இருந்தால்தான் 114ஏ-வில் கையெழுத்துப் போட்டு ஒருத்தரே போடலாம்.

2024 கடைசி ரேட்டில் எட்டரை லட்சம் ரூபாய் தாண்டினாலே பத்தாயிரம் டாலர் ஆயிடுது. "என் பெயரில் அவ்வளவு இல்லை" என்பவங்க ஒன்னு பாருங்க. அப்பாவோட எஃப்டியில் "ஐதர் ஆர் சர்வைவர்" என்று மகள் பெயர் சேர்ந்திருக்கா? அப்படின்னா முழுத் தொகையும் மகளோட எஃப்பாரில் வரும். பணம் அப்பாவோடது, வட்டி அப்பா கணக்கு, அதெல்லாம் உண்மை. ஆனா எஃப்பார் கேக்கறது அக்கவுன்ட்டில் உங்க பெயர் இருக்கான்னுதான். வெறும் நாமினி என்றால் வராது.

கேஷ் வேல்யூ உள்ள எல்ஐசி பாலிசி வரும். பழைய கம்பெனி பிஎஃப், பிபிஎஃப் ரெண்டையும் காட்டிடுங்க. லாக்கர் நகை வராது. வீடு, நிலம் வராது, ஆனா வாடகை வந்தால் அது ரிட்டர்னில் ஷெட்யூல் இ.

டெக்சாஸ்மாமா | 2025 மார்ச் 9

கேட்டுக்கோங்க, நகை வராதாம். வீட்டம்மா முகத்தில் இன்னிக்குத்தான் வெளிச்சம்.

எடிசன்வாசி | 2025 மார்ச் 10

மாமனார் எஃப்டி ஒன்னுல அவங்க பெயர் இருக்காம், பன்னெண்டு லட்சம். 2022, 2023 ரெண்டுக்கும் எஃப்பார் போடலை.

படிவப்பித்தன் | 2025 மார்ச் 10

இரண்டு வழி. வட்டி வருமானம் எல்லாம் ரிட்டர்னில் ஏற்கெனவே காட்டியிருந்து எஃப்பார் மட்டும் விட்டுப்போயிருந்தால், ஃபின்சென் தளத்தில் தாமதமாகப் போட்டு, ஏன் தாமதம் என்ற இடத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முடிந்தது.

உங்கள் நிலை அது இல்லை. அவருடைய சொந்த நாலு லட்சம் எஃப்டியின் வட்டியும் விட்டுப்போயிருக்கிறது. இதற்கு ஸ்ட்ரீம்லைன்ட் டொமஸ்டிக் என்ற வழி உண்டு: மூன்று வருஷத் திருத்த ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்பார், தெரியாமல் நடந்தது என்று 14654 படிவத்தில் உறுதிமொழி, காட்டாத சொத்தின் உச்சத் தொகையில் 5 சதவீதம் அபராதம். அதற்குள் போகும் முன், வெளிநாட்டுக் கணக்கு தெரிந்த ஒரு சிபிஏ (லைசென்ஸ் உள்ள கணக்காளர்) அல்லது வரி வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். 2022-ஐ எப்படியும் திருத்துகிறீர்கள், எந்த வரிசையில் எதை அனுப்புவது என்பது அங்கே முடிவாக வேண்டும். ஒரு கையால் சாதா 1040-எக்ஸ் அனுப்பிவிட்டு மறுகையால் ஸ்ட்ரீம்லைன்ட் போடுவது குழப்பத்தை விலைக்கு வாங்குவது.

இந்த இழையில் நான் "சிபிஏவைப் பாருங்கள்" என்று சொல்லும் ஒரே இடம் இது. மற்றதெல்லாம் உட்கார்ந்து படித்தால் நாமே செய்யக்கூடியவை.

படிவப்பித்தன் | 2025 மார்ச் 11

டிடிஎஸ் (இந்தியாவில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பற்றி ஒரு வார்த்தை, யாராவது கேட்பதற்குள். என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்தைப் போடும் அக்கவுன்ட்) வட்டியில் வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும், மொத்தம் 31.2. இந்திய அமெரிக்க ஒப்பந்தப்படி வட்டிக்கு உச்சம் 15. இங்கே 1116 படிவத்தில் (வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழிப்பது) கழிக்க முடிவது அந்தப் பதினைந்து வரைதான். மீதியை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். பிடித்த முழுவதையும் இங்கே கழித்துவிட்டு ஜெயித்ததாக நினைப்பவர்கள் அதிகம்.

சேலத்துக்காரர் | 2025 ஏப்ரல் 13

ஒரு கேள்வி. மனைவிக்கு ஜாயின்டில் கையெழுத்துப் போடவே பயம். கணவர் சொந்தத் தொழில், கணக்கு எப்படின்னு அவங்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவங்க என்ன செய்யறது?

கணக்குக்காரி | 2025 ஏப்ரல் 13

பயம் நியாயமானது. ஜாயின்டில் கையெழுத்து என்றால் முழு வரிக்கும் ரெண்டு பேரும் தனித்தனியாகப் பொறுப்பு. ஐஆர்எஸ் யாரிடம் வேண்டுமானாலும் முழுசா வசூலிக்கலாம், விவாகரத்துக்கு அப்புறமும். அப்புறம் இன்னசன்ட் ஸ்பௌஸ் என்று 8857 படிவம் இருக்கு, ஆனா "தெரியாது, தெரிய வழியும் இல்லை"ன்னு நிரூபிக்கணும்.

சிட்டிசன்ஷிப்புக்காக மட்டும் ஜாயின்டில் சேரணும்னு கட்டாயம் இல்லை. அவங்களுக்கு வருமானமே இல்லைன்னா ரிட்டர்ன் தேவையில்லை. இன்டர்வியூவில் "தேவையில்லாததால் போடவில்லை"ன்னு தெளிவாச் சொல்லணும், "நான்ரெசிடென்ட்"ங்கிற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. கூடவே 4506-டி படிவத்தில் (ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கும் படிவம்) 7-ஆம் பெட்டியை டிக் பண்ணி நான்ஃபைலிங் லெட்டர் வாங்கி வைக்கலாம். அந்தக் கடிதம் "எங்களிடம் ரிட்டர்ன் இல்லை"ன்னு மட்டும் சொல்லும், "தேவையில்லை"ன்னு சொல்லாது. அதனால் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேணும். நடப்பு வரி வருஷத்துக்கு ஜூன் 15-க்கு அப்புறம்தான் கிடைக்கும்.

கையெழுத்துப் போடறவங்க பக்கம் பக்கமாப் படிச்சிட்டுப் போடுங்க. சிபிஏ அனுப்பும் 8879-ல் (இ-ஃபைலுக்குச் சம்மதக் கையெழுத்துப் படிவம்) மனைவி கையெழுத்துக்கும் ஒரு வரி இருக்கு. அதில் கணவரே போட்டு அனுப்பறது வழக்கமாயிடுச்சு. அது வெறும் சோம்பேறித்தனம் இல்லை.

டெக்சாஸ்மாமா | 2025 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். நாளைக்கு ஏப்ரல் 15. மாங்காய்ப் பச்சடியில் இருக்கற கசப்பு போதாதுன்னு வெள்ளைக்காரன் மறுநாள் வச்சிருக்கான்.

தாம்பரத்தாள் | 2025 ஜூன் 20

ட்ரான்ஸ்கிரிப்ட் வந்தது. அதில் என் பெயர் நாலு எழுத்துதான் இருக்கு, எஸ்எஸ்என் கடைசி நாலு எண். இதை ஏத்துப்பாங்களா?

படிவப்பித்தன் | 2025 ஜூன் 20

எல்லோருக்கும் அப்படித்தான் மறைத்து வருகிறது. ஏற்றுக்கொள்வார்கள். சிட்டிசன்ஷிப்புக்குத் தேவை ரிட்டர்ன் ட்ரான்ஸ்கிரிப்ட், நடப்பு வருஷமும் முந்தைய மூன்றும் கிடைக்கும். ஜாயின்ட் என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரு கையெழுத்து போதும். 4506-டி-யில் கணவர் பெயர் முதலில் இருந்தால் ரிட்டர்னில் உள்ள அதே வரிசையில் எழுதுங்கள்.

திருத்தம் அனுப்பியவர்களுக்கு அது போதாது. ரிட்டர்ன் ட்ரான்ஸ்கிரிப்ட் முதலில் போட்டதை மட்டுமே காட்டும், திருத்தத்தைக் காட்டாது. அக்கவுன்ட் ட்ரான்ஸ்கிரிப்டையும் எடுங்கள். 150 என்றால் ரிட்டர்ன் பதிவானது, 977 என்றால் திருத்தம் வந்து சேர்ந்தது, 291 என்றால் வரி குறைத்தார்கள், 846 என்றால் ரீஃபண்ட் கிளம்பியது. 977 வரி ஒன்று இருந்தாலே "அனுப்பிவிட்டோம், வேலை நடக்கிறது" என்று அதிகாரியிடம் காட்டலாம்.

எடிசன்வாசி | 2025 ஜூலை 19

வக்கீல் சொன்ன வரிசையில் எல்லாம் போயாச்சு. அக்கவுன்ட் ட்ரான்ஸ்கிரிப்டில் 977 வந்திருக்கு. என்-400 இப்பவே போடலாமா, 291 வரும்வரை நிக்கணுமா?

படிவப்பித்தன் | 2025 ஜூலை 19

போடலாம். திருத்தம் முடிய 8 முதல் 12 வாரம் என்கிறார்கள், 16 வரை இழுக்கும். இன்டர்வியூ அதற்குப் பின்தான் வரப்போகிறது. பாக்கி என்று எதுவும் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம். பாக்கி இருப்பவர்கள் 9465-இல் தவணை வாங்கி, ஒப்பந்தக் கடிதமும் கட்டிய ரசீதுகளும் இருந்தால் பாக்கி என்பதற்காக மட்டும் தள்ளுபடி ஆகாது. கேள்விக்கு "ஆம்" என்றே பதில் சொல்லி ரசீதை இணைக்க வேண்டும். "இல்லை" என்று சொல்லி மாட்டினால் வரி விஷயம் போய்ப் பொய் விஷயமாகிவிடும்.

கணக்குக்காரி | 2025 ஜூலை 20

2025 வரி வருஷத்துக்கு ஜாயின்ட் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 30,000 என்று வருஷ ஆரம்பத்தில் வந்த பட்டியலை மறந்திடுங்க. ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்தால் 31,500 ஆயிடுச்சு, செப்பரேட்லி 15,750.

ஜாயின்டில் இன்னொரு வசதி, சம்பளமே இல்லாத மனைவி பெயரிலும் ஐஆர்ஏ (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) போடலாம், கணவர் சம்பளத்தை வச்சு. 2025-க்கு 7,000 டாலர், ஐம்பது வயசு தாண்டினால் இன்னும் 1,000. செப்பரேட்லியில் இது கிடையாது.

சேலத்துக்காரர் | 2025 ஆகஸ்ட் 24

ஆகஸ்ட் 15-ல் நன்னடத்தை பற்றி யுஎஸ்சிஐஎஸ் (சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தைப் பார்க்கும் குடியேற்றத் துறை) புதுசா மெமோ விட்டிருக்காங்களே, வரியும் அதுல இருக்கா?

படிவப்பித்தன் | 2025 ஆகஸ்ட் 24

இருக்கிறது. வரிக் கடமையைச் சரியாகச் செய்திருப்பதை விண்ணப்பதாரருக்குச் சாதகமான அம்சங்களில் ஒன்றாகச் சொல்கிறது. குற்றம் இல்லை என்பது மட்டும் போதாது, நல்லதைக் காட்ட வேண்டும் என்பது அதன் தொனி. வேலை அனுபவம், சம்பள ரசீது என்று காட்ட ஏதுமில்லாத மனைவிக்கு, தன் பெயரும் கையெழுத்தும் உள்ள ஜாயின்ட் ரிட்டர்ன்கள்தான் கையிலிருக்கும் நல்ல காகிதம். செப்பரேட்லி வேண்டாம் என்று நான் முன்பு அழுத்தியதைவிட இப்போது கூடுதலாகவே அழுத்துவேன்.

பிரசவத்துக்கோ பெற்றோரைப் பார்க்கவோ ஆறு மாசத்துக்கு மேல் ஊரில் இருந்தவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அந்த வருஷத்துக்கு 1040-என்ஆர் (நான்ரெசிடென்டுக்கான ரிட்டர்ன்) போட்டிருந்தால், குடியிருப்பை விட்டுக்கொடுத்ததாக அதிகாரி எடுத்துக்கொள்ள அதுவே இடம் தரும்.

எடிசன்வாசி | 2025 நவம்பர் 1

திருத்தம் முடிஞ்சு 846 வந்திடுச்சு, பணமும் வந்திடுச்சு. ஆனா என்-400-ஐ வேற காரணத்தால் தள்ளிப் போட்டோம், இப்பத்தான் அனுப்பணும். ஏதாவது மாறியிருக்கா?

கணக்குக்காரி | 2025 நவம்பர் 1

நிறைய. அக்டோபர் 20 முதல் அனுப்பறவங்களுக்குப் புது சிவிக்ஸ் தேர்வு (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றிய கேள்விகள்): 128 கேள்வியிலிருந்து 20 கேட்பாங்க, 12 சரியாச் சொல்லணும். காகித விண்ணப்பத்துக்குச் செக் இனி செல்லாது, கார்டுக்கு ஜி-1450, பேங்க் கணக்குக்கு ஜி-1650. ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760.

மாமனார் எஃப்டியில் இருந்து பெயரை எடுத்தாச்சா?

எடிசன்வாசி | 2025 நவம்பர் 2

செப்டம்பரில் எடுத்தாச்சு. அப்ப 2025-க்கு எஃப்பார் வேண்டாம்தானே?

கணக்குக்காரி | 2025 நவம்பர் 2

வேணும். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை பெயர் இருந்ததே. அந்த வருஷ உச்சத் தொகையைப் போட்டு 2026 ஏப்ரலில் அனுப்புங்க. 2026 வருஷக் கணக்கில்தான் அது இருக்காது.